விழுந்தால் கட்டக் கூடாது

எங்கள் வீடு இடிந்து விழுந்தால், விழுந்த இடத்தில் அதே நீள அகலத்தில், அதே உயரத்தில்கூட நாங்கள் மறுபடி கட்டிக்கொள்ள முடியாது. ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பழங்கால நினைவுச் சின்னங்களுக்காக 1958-இல் போட்ட மத்தியச் சட்டத்தில், 2010-இல் புதிதாகச் செருகிய பிரிவுகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. வீடு நிற்கிற வரைக்கும் பழுது பார்க்க அனுமதி கேட்கலாம். கேட்டுக்கொண்டே இருக்கலாம். அனுமதி வருவதற்குள் வீடு விழுந்துவிட்டால் கேட்கிற உரிமையும் சேர்ந்து விழுந்துவிடும்.

தஞ்சைப் பக்கம் ஒரு சோழர் காலக் கோயில். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ளது. அதன் வடக்கு மதிலை அடுத்த தெருவில் எங்கள் வீடு. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்பதையும் எழுதப் போவதில்லை. நாற்காலியில் ஆள் மாறினாலும் பதில் மாறவில்லை என்பதால் ஆளைச் சொல்லிப் பயனில்லை. நான் கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கோப்பு எப்படி நகரும், எப்படி நகராது, எதற்காக நகராது என்பதெல்லாம் எனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதனால்தான் வயிறு இன்னும் கூடுதலாக எரிகிறது.

கோயில் வாசலில் ஒரு நீலப் பலகை இருக்கிறது. இந்தச் சின்னத்தை இடித்தாலோ, சேதப்படுத்தினாலோ, உருவத்தைக் கெடுத்தாலோ இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல தண்டனைதான். ராஜராஜன் காலத்துத் துவாரபாலகர் மூக்கை உடைக்கிறவனுக்கு இது போதாது என்பேன். ஆனால் அதே சட்டத்தின் 30ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். தடை செய்யப்பட்ட பகுதிக்குள் கட்டுமானம் செய்கிறவனுக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சிலையை உடைக்கிறவனும், தன் வீட்டுக் கொல்லையில் கழிப்பறைக்குச் சுவர் எழுப்புகிறவனும் இந்தச் சட்டத்துக்கு ஒன்று. ஒரே தராசு, ஒரே எடைக்கல்!

சட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து எல்லாப் பக்கமும் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. கோபுரத்திலிருந்து அளப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லை எதுவோ அங்கிருந்து அளப்பார்கள். 200 மீட்டர் பகுதியில் இருப்பவன் புதிதாகவே வீடு கட்ட விண்ணப்பிக்கலாம். இடித்துக் கட்டவும் விண்ணப்பிக்கலாம். 100 மீட்டருக்குள் இருப்பவனுக்குப் பழுது பார்ப்பதும் புதுப்பிப்பதும் மட்டும்தான், அதுவும் அனுமதி வாங்கி. தொல்லியல் அதிகாரியைத் தவிர வேறு யாரும் அங்கே எதையும் கட்டக் கூடாது.

இதில் மூன்று சொற்களுக்குச் சட்டமே பொருள் எழுதியிருக்கிறது. பக்கவாட்டிலோ மேலேயோ ஒரு சாண் கூட்டினாலும் அது கட்டுமானம். இருந்த கட்டடத்தை அதே அளவில் மறுபடி எழுப்பினால் அது மறுகட்டுமானம். இருக்கிற கட்டடத்தில் செய்யும் மாற்றம் பழுதுபார்ப்பும் புதுப்பிப்பும். 100 மீட்டருக்குள் முதலாவது கிடையாது, இரண்டாவதும் கிடையாது. மூன்றாவதை வைத்துக்கொண்டுதான் நூறு ஆண்டு வயசான வீட்டில் காலம் தள்ள வேண்டும். வயசான வீட்டில் பழுதுபார்ப்பு எங்கே முடிகிறது, மறுகட்டுமானம் எங்கே தொடங்குகிறது? உப்பிப்போன ஒரு சுவரை இறக்கி ஏற்றினால் அது எது? இரண்டு சுவர் என்றால்? இதற்கு எந்த மேசையிலும் எழுத்தில் பதில் கிடைக்காது. வாயால் சொல்வார்கள். அடுத்த மேசையில் அது செல்லாது.

எங்கள் வீடு நாட்டு ஓடு போட்ட வீடு. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், பின்னால் கொல்லை. சுண்ணாம்புக் காரைச் சுவர், தேக்கு உத்திரம், பனங்கை. என் தாத்தா கட்டியது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து முன்பக்க ஓட்டைச் சீட்டுக்கட்டு கலைத்த மாதிரி கலைத்துப் போட்டுவிட்டுப் போனது. அன்றைக்கு நீல நிறத் தார்ப்பாயைக் கட்டினோம். கட்டிய தார்ப்பாய் வெயிலில் நூல் நூலாகப் பிரிய, அதன்மேல் இன்னொன்று போட்டோம். கொத்தனார் வந்து ஏணி போட்டு ஏறி, சுத்தியலின் பின்பக்கத்தால் உத்திரத்தைத் தட்டிப் பார்த்தார். கிணற்றில் பேசுகிற மாதிரி ஒரு சத்தம். “உள்ள கரையான் தின்னுடுச்சுங்க ஐயா. மேல தோலு மட்டும்தான் நிக்குது. இந்தச் சொவத்தையும் எறக்கித்தான் ஆகணும், உப்பி வந்துடுச்சு பாருங்க” என்றார். கட்டைவிரலை வைத்து அழுத்தினார். காரை மாவாக உதிர்ந்து அவர் வேட்டியில் கொட்டியது.

அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவருக்கு ஊர் நடப்பு தெரியும்.

விண்ணப்பத்துக்கு முதலில் கேட்டது, 1992-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதிக்கு முன்பே இந்த வீடு இருந்தது என்பதற்குச் சான்று. அந்தத் தேதியில்தான் 100, 200 மீட்டர் எல்லையைக் குறித்து டெல்லியில் அறிவிக்கை போட்டார்கள். அதற்கு முன்பிருந்த வீடாக இருந்தால்தான் பழுதுபார்க்கக் கேட்கவே முடியும். பின்னால் கட்டியது என்றால், அதற்கும் அப்போதே தொல்லியல் துறைத் தலைமையின் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். நான் பிறந்தது இந்த வீட்டு ரேழி அறையில். என் கல்யாணம் நடந்தது இந்தக் கூடத்தில். கல்யாணப் போட்டோவில் இதே தூண், இதே உத்திரம், கீழே மாலையோடு நாங்கள். போட்டோவில் தேதி இல்லையாம், செல்லாதாம்.

அப்பா வீட்டு வரி ரசீதுகளைக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தபோது நடுவில் ராமபாணம் அரித்து, கம்பி துளைத்த ஓட்டையைச் சுற்றி இன்னும் பல ஓட்டைகள். கார்பன் மை மங்கிப்போய் ஊராட்சி முத்திரை மட்டும் ஊதா நிறத்தில் தெரிந்தது. வருடம் தெரிகிற ரசீதில் கதவு எண் தெரியவில்லை. கதவு எண் தெரிகிற ரசீதில் வருடம் தெரியவில்லை. பழைய பதிவேட்டை நகல் எடுக்கப் போனால், வெள்ளத்தில் நனைந்துவிட்டது என்றார்கள். கடைசியில் கைகொடுத்தது மின்வாரியத்தின் பழைய அட்டை. அதைப் பார்த்துவிட்டு ஒருவர், “இது கரண்ட் கனெக்‌ஷனுக்குத்தானே சார் ஆதாரம், வீட்டுக்கு எப்படி?” என்று கேட்டார். வீடு இல்லாமல் வெட்டவெளியில் விளக்கு எரித்தோமா ஐயா?

கிராமத்து நத்தத்தில் இருக்கிற ஓட்டு வீட்டுக்கு யார் அந்தக் காலத்தில் வரைபடம் போட்டார்கள்? யார் ஒப்புதல் எண் வாங்கினார்கள்? கோயிலுக்குக் கல்வெட்டு இருக்கிறது. நிலம் கொடுத்தவன், விளக்குக்கு ஆடு கொடுத்தவன் பேரெல்லாம் கல்லில் இருக்கிறது. அந்த ஆட்டை மேய்த்தவன் வீட்டுக்கு ஆவணம் கேட்டால் அவன் பேரன் எங்கே போவான்?

சட்டம் காலக்கெடு போட்டிருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விண்ணப்பம் வந்த 15 நாளில் தகுதியுள்ள அதிகாரி அதைத் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். அதன்பின் ஒரு மாதத்தில் அனுமதி அல்லது மறுப்பு. காகிதத்தில் எவ்வளவு அழகு! ஆனால் கெடு தாண்டினால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று ஒரு வரி உண்டா? தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. நாங்கள் ஒரு செங்கல்லை முன்கூட்டி வைத்தால் சிறை. அவர்கள் ஒரு வருடம் கடத்தினால் யாருக்கும் ஒன்றும் இல்லை. கெடு என்று எழுதிவிட்டு, தாண்டினால் என்ன என்பதை எழுதாமல் விட்டால் அதற்குப் பெயர் கெடுவா?

விண்ணப்பம் திரும்பி வந்தது. வீட்டிலிருந்து மதிலுக்கு உள்ள தூரத்தைக் குறிக்கும் அளவுப்படம் சரியில்லை என்று ஒருமுறை. கூரையின் வகை குறிப்பிடவில்லை என்று ஒருமுறை. உத்திரத்தை மாற்றுவது பழுதா, மறுகட்டுமானமா என்று தெளிவுபடுத்துக என்று ஒருமுறை. நான் தெளிவுபடுத்துவதா! தெளிவுபடுத்தத்தானே ஐயா உங்களிடம் வந்தேன்? ஓர் இளம் ஊழியர், பாவம், நல்ல பிள்ளை, என்னை வெளியே கூட்டிப்போய், “உங்க கஷ்டம் புரியுது சார். சுவரைத் தொடாம ஓட்டை மட்டும் மாத்தறதா எழுதிக் குடுங்க, சீக்கிரம் வந்துடும்” என்றார். உப்பிய சுவரின் மேல் புது ஓட்டை ஏற்றினால் ஓடும் நாங்களும் சேர்ந்து கீழே வருவோம் என்றேன். அவரால் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் தெருவில் என் கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. இரண்டு வீடு தள்ளி ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டார்கள். பத்திரத்தில் பிரித்தாயிற்று, வீட்டில் பிரிக்க முடியவில்லை. தம்பிக்குத் தனியாக ஓர் அடுப்படி இறக்க வேண்டும். இறக்கினால் அது கட்டுமானம். ஒரே அடுப்படியில் இரண்டு மருமகள்கள்; அங்கே நடப்பதை நான் விவரிக்க வேண்டாம். விற்றுவிட்டுப் போகலாமென்றால் எவன் வாங்குவான்? கட்ட முடியாத மனைக்கு வங்கி கடன் தராது. நானே அந்த மேசையில் உட்கார்ந்து பலருக்கு இல்லை என்று சொன்னவன், எனக்குத் தெரியாதா? தெருக்கோடியில் ஓர் அம்மாள், தனிக்கட்டை, கீற்றுக் கொட்டகை. குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு தருகிறோம் என்று அரசாங்கமே திட்டம் போடுகிறது. மாநில அரசு கலைஞர் கனவு இல்லத்துக்கு மூன்றரை லட்சம் தருகிறது. பணம் தருகிற அரசாங்கம் ஒன்று, அந்தப் பணத்தில் கட்டினால் ஜெயில் என்கிற அரசாங்கம் ஒன்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது பழமொழி. இங்கே இரண்டு பேருமே சாமி, அவரவர் சன்னதியில்.

அப்புறம் என் அம்மா. முட்டி மடங்காது. கொல்லைக் கடைசியில் இருக்கும் கழிப்பறைக்கு இரவில் போக முடியாது. கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை எடுத்து மேற்கத்தியக் கழிப்பறை வைக்கலாம் என்று நினைத்தேன். பொதுக் கழிப்பறை கட்டுவதைச் சட்டம் கட்டுமானக் கணக்கில் சேர்க்கவில்லை. எங்கள் வீட்டுக் கழிப்பறை சேரும். அம்மா ராத்திரியில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். இதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஊர் நடப்பு என்று கொத்தனாரைப் பற்றிச் சொன்னேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜல்லி இறக்கி, சனி ஞாயிறோடு தளம் ஒட்டி, திங்கட்கிழமை வெளிச்சுவருக்குப் பழைய மாதிரி காவி அடித்துவிட்டால் முடிந்தது. தீபாவளி, பொங்கல் விடுமுறை என்றால் மாடியே எழும்பும். கேட்காதவன் கட்டிக்கொண்டான். நோட்டீசு வந்தால் வழக்கு, வழக்கு இருக்கும் வரை குடியிருக்கலாம். கேட்டவன் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிறான். அவன் வீட்டைத்தான் எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறார்கள், விண்ணப்பம் கொடுத்தவனாயிற்றே. இந்தச் சட்டம் எங்கள் தெருவில் சாதித்தது, யோக்கியனை அடையாளம் காட்டியதுதான்.

கோயிலுக்கு நாங்கள் விரோதி என்று பேசுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தின் கதை தெரியுமா உங்களுக்கு? 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, ராஜேந்திரன் எழுப்பிய கோயிலின் திருச்சுற்று மதிலையும் கோபுரத்தையும் பிரித்துக் கல்லைக் கொண்டுபோனது யார்? அரசாங்கம். தடுக்கப் போனது யார்? அந்த ஊர் ஏழைச் சனங்கள். தடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டதும் அவர்கள்தான். கல் மதிலுக்குப் பதில் செங்கல் மதிலாவது கட்டித் தருகிறோம் என்று சொன்ன வாக்கும் காப்பாற்றப்படவில்லை என்று அந்தக் காலத்திலேயே அச்சில் பதிவாகியிருக்கிறது. தேசிய முக்கியத்துவம் என்ற சொல் பிறப்பதற்கு நூறு வருடம் முன்னால் கோயிலைக் காப்பாற்ற நின்றவன் பக்கத்துத் தெருக்காரன். இன்றைக்குச் சட்டத்தின் கண்ணுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரன்தான் ஆபத்து.

பெரியவர்களுக்கு என்றால் கதை வேறு. 1992-இல் 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்று அறிவித்தார்கள் அல்லவா? அதற்குப் பிறகும் 2006-இல் டெல்லியில் நிபுணர் ஆலோசனைக் குழு என்று ஒன்றை வைத்து, அதன் பரிந்துரையில் அந்த எல்லைக்குள்ளேயே அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி அனுமதி தர உங்களுக்கு அதிகாரமே இல்லை என்று 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே 2010 தொடக்கத்தில் அவசரச் சட்டம், மார்ச்சில் முழுச் சட்டம். அந்தக் குழுவின் பேரில் கொடுத்த அனுமதிகள் எல்லாம் செல்லும் என்று அதில் ஒரு வரி. இனி யாருக்கும் கிடையாது என்று அடுத்து ஒரு வரி. உள்ளே ஏறியவர்களை உட்கார வைத்துவிட்டு ஏணியை எடுத்தார்கள். ஏணிக்குக் கீழே நின்றவர்கள் நாங்கள்.

2018 ஜனவரியில் மக்களவையில் ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றினார்கள். எங்களுக்காக இருக்குமோ என்று ஆசையாகப் படித்தேன். மத்திய அரசின் பொதுப்பணிகளை 100 மீட்டருக்குள் அனுமதிப்பதற்காம். அரசாங்கத்துக்கு இந்தச் சட்டம் இடைஞ்சல் என்றவுடன் மசோதா தயாராகிவிடுகிறது! மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பி, நல்ல வேளையாக அது சட்டமாகாமலே நின்றது. நல்ல வேளை என்றுதான் சொல்கிறேன். கோயிலின் காதோரம் நெடுஞ்சாலையும் மேம்பாலமும் வரக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. இந்தச் சட்டம் இல்லாமல் இருந்திருந்தால் எங்கள் கோபுரத்தை நான்கு மாடி லாட்ஜுகளின் இடுக்கு வழியாகத்தான் பார்த்திருப்போம் என்பதும் எனக்குத் தெரியும்.

அதே 2018 டிசம்பரில் தஞ்சைப் பெரிய கோயில் வளாகத்துக்குள்ளேயே, ஓர் ஆன்மிக அமைப்பின் இரண்டு நாள் நிகழ்ச்சிக்காகப் பந்தல் எழும்பியது. அதே கோயிலில் 1997 ஜூனில் யாகசாலைப் பந்தல் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை மறந்தவர்கள் யாரோ அதற்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை போட்ட பிறகுதான் பிரித்தார்கள். கஜா வந்து போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் தெருவில் கூரை இல்லை. மதிலுக்கு உள்ளே பந்தலுக்குக் கால் நட அனுமதி, மதிலுக்கு வெளியே உத்திரத்துக்கு முட்டுக் கொடுக்க விசாரணை.

மறு வருடம் அக்டோபரில் மாமல்லபுரத்தில் இரு நாட்டுத் தலைவர்கள் சந்தித்தார்கள். சாலை புதுசு, புல் புதுசு, விளக்குப் புதுசு. வேண்டாம் என்று சொல்லவில்லை. வேகமாகச் செய்ய இவர்களுக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சி கிடைத்ததே, அதைச் சொல்கிறேன்.

இத்தனை கறாராகக் காக்கிறார்களே, காத்ததெல்லாம் பத்திரமாக இருக்கிறதா? 2013-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தன் குழுக்களை நேரில் அனுப்பிப் பார்த்தபோது 92 சின்னங்களைக் காணவில்லை. அப்புறம் தேடி எடுத்தது போக 50 இன்னும் கணக்கில் வரவில்லை. பதினான்கு நகரத்துக்குள் கரைந்துவிட்டன, பன்னிரண்டு அணை நீருக்குள், மீதி இருபத்து நான்கு எங்கே என்றே தெரியாது. 2024-இல் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட முடிவு செய்து அறிவித்தார்கள். முழுச் சின்னமே போனதை அறியாதவர்கள், எங்கள் வீட்டுச் சன்னல் மேல் புதிதாக ஒரு தாழ்வாரம் இறங்கினால் மட்டும் மறுநாளே அறிகிறார்கள்.

நாட்டில் மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் சின்னங்கள். தாஜ்மகாலுக்கும் 100 மீட்டர். பெரிய கோயிலுக்கும் 100 மீட்டர். செங்கல்பட்டுப் பக்கம் காட்டோரம் கிடக்கிற பெருங்கற்காலக் கல்திட்டைக்கும் 100 மீட்டர். நடுவில் ஒற்றைக் கல் மட்டும் இருந்தால்கூட, அதைச் சுற்றி 100 மீட்டர் வட்டம் போட்டால் ஏழே முக்கால் ஏக்கர். 300 மீட்டருக்கு எழுபது ஏக்கர். எங்கள் கோயில் மாதிரி மதிலே நீளமாக இருந்தால் கணக்கு இன்னும் ஏறும். ஒரு சின்ன ஊரே உள்ளே போய்விடும். இதை நான் மட்டும் சொல்லவில்லை. எல்லாச் சின்னத்துக்கும் ஒரே அளவுகோல் சரிப்படாது, அதனால் மக்கள் அவதிப்படுகிறார்கள் என்று 2023-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவே எழுதியிருக்கிறது. எழுதி என்ன? ஒவ்வொரு சின்னத்துக்கும் அந்த இடத்தைப் பார்த்துத் தனித்தனியாகப் பாரம்பரிய துணைவிதி எழுத வேண்டும் என்று 2010 சட்டமே சொல்கிறது. எவ்வளவு உயரம், என்ன நிறம், எந்த ஓடு, எந்தச் சாளரம் என்று அதில் எழுதலாம். எழுதியிருந்தால் நான் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை; படித்துவிட்டு அதன்படி செய்திருப்பேன். மிகப் பெரும்பாலான சின்னங்களுக்கு இன்னும் அது வரவில்லை. விதி எழுத வேண்டியவர்கள் எழுதாததற்குத் தண்டனை இல்லை.

சென்னையில் சட்டக் கல்லூரி வளாகத்தில், ஆளுநராக இருந்த எலிஹு யேலின் குழந்தை புதைந்த கல்லறை ஒன்று இருக்கிறது. அதுவும் பாதுகாக்கப்பட்ட சின்னம். அதைச் சுற்றிய 100 மீட்டரால் உயர் நீதிமன்றத்தின் வாகன நிறுத்தக் கட்டடத்துக்கு முட்டுக்கட்டை விழுந்தது. 2023-இல் ஒரு நீதிபதி அந்தக் கல்லறையையே வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி உத்தரவிட்டார். அந்த வழக்கின் சரி தவறுக்குள் நான் போகவில்லை. கார் நிறுத்த இடம் இல்லையென்றால் முந்நூறு வருடக் கல்லறையை நகர்த்தலாமா என்று யோசிக்கிற நாட்டில், அம்மாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஒரு சுவர் வைக்கலாமா என்று யோசிக்க ஆள் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

“காலி செய்துவிட்டு வேறு இடம் போகலாமே?” என்று படித்தவர்கள் சிலர் சுலபமாகக் கேட்கிறார்கள். போகிறோம். எங்கள் வீட்டையும் மனையையும் அரசாங்கம் இன்றைய விலைக்கு எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்கட்டும், நாளைக்கே போகிறோம். எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். நஷ்ட ஈடும் கிடையாது. வீட்டு வரி மட்டும் வருஷா வருஷம் கட்டிவிட வேண்டும். அது பழைய வீட்டுக்கா, பாதி வீட்டுக்கா என்று யாரும் கேட்பதில்லை. மார்கழியில் விடியற்காலை நாலரைக்குக் கோயில் வாசலைக் கூட்டிக் கோலம் போடுகிற பெண்கள் எங்கள் தெருப் பெண்கள். தெருவைக் காலி செய்துவிட்டு அந்தக் கோலத்தை யாரை வைத்துப் போடுவீர்கள்? ஒப்பந்தப்புள்ளி விடுவீர்களா?

போன மழையில் ரேழிச் சுவர் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. பனைமரத் துண்டு இரண்டை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறோம். நிறுத்தியிருப்பது வீட்டை மட்டும் இல்லை. வீடு நின்றால்தான் என் விண்ணப்பமும் நிற்கும். அதனால் விழாமல் பார்த்துக்கொள்கிறோம், ராத்திரியில் ஆள் மாற்றி ஆள் எழுந்து.

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு, முக்கியமாகப் பழைய கோயில்கள் நிறைந்த டெல்டாவிலிருந்து போனவர்களுக்கு என் விண்ணப்பம் இது. 100 மீட்டர் எல்லையைத் தளர்த்தச் சொல்லவில்லை. லாட்ஜுக்கும் மாடிக்கும் வழி திறக்கச் சொல்லவில்லை. 1992-க்கு முன்பிருந்து சனங்கள் குடியிருக்கும் வீடு விழுந்தால், அதே நீளம், அதே அகலம், அதே உயரத்தில் மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்று 20சி பிரிவில் ஒரு வரி சேருங்கள். வீட்டுக்குள் ஒரு கழிப்பறைக்கு இன்னொரு வரி. 20டி பிரிவில் உள்ள கெடு தாண்டினால் பழுதுபார்க்க அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று மூன்றாவது வரி. மூன்று வரிதான் கேட்கிறோம். 2010-இல் கட்டி முடித்தவர்களுக்காக ஒரு வரி எழுத அந்த அவைக்கு நேரம் இருந்தது.